டிரம்முக்கு மேலே ஒரு சாண்

எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்ததே செவ்வந்தி அக்காவால்தான். நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், திருக்காட்டுப்பள்ளி சாலையில் காலிக்குடத்தோடு உட்கார்ந்து பேருந்தை மறித்தவர். வெயிலில் மயங்கி விழுந்தும் எழுந்து போகவில்லை. இன்றும் யாராவது குழாயடியில் பாத்திரம் தேய்த்தால் தொலைந்தார்கள்.

முட்டிவலி வந்தபின் வயல் போய், கொல்லையில் தோட்டம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவர் கத்தரிக்காய்க்குத் தெருவே அடிமை. எல்லாம் மீன் அமிலத்தின் வேலை. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த அந்தச் சாற்றை அவர் திறக்கும் நாளில் நான் சன்னலைச் சாத்திவிடுவேன். அதை டிரம்மில் ஊற்றி, வீட்டுக் குழாயில் டியூபை மாட்டித் தண்ணீர் நிரப்புவார். பிறகு டிரம்மின் அடியிலுள்ள திருகைத் திறந்தால் சொட்டுக் குழாய்கள் வழியே செடிகளுக்குப் போகும். டியூப் துள்ளி வெளியே விழாதிருக்க, நுனியில் கல்லைக் கட்டி டிரம்மின் அடிவரை இறக்கியிருப்பார்.

போன மாதம் ஒரு காலை, எதிர்வீட்டுத் தியாகு குடத்தோடு வந்தான்.

"இத மோந்து பாருங்கக்கா. ஒரே மீன் நாத்தம். புள்ளைக்குப் பால்பவுடர் கலக்கப் போனா எம்பொண்டாட்டி சுடர்விழி. நல்லவேளை, கண்டுபுடிச்சிட்டா."

மோந்து பார்த்த அக்கா, நேரே கொல்லைக்குப் போனார். விடிகாலையில் நிரப்பிய டிரம் பாதியாகியிருந்தது. தண்ணீர் நின்றதும் வீட்டுக் குழாயை மூடாமல் விட்டிருந்தார். செடிக்கான திருகை அவர் இன்னும் திறக்கவே இல்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. தெருவில் தண்ணீரை நிறுத்திய பிறகும் தியாகு வீட்டு மோட்டார் குழாயை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் இல்லாத குழாய், டிரம்மில் மூழ்கிக் கிடந்த டியூப் வழியாக இருந்ததை இழுத்துக்கொண்டது. குடிநீர்க் குழாயில் மோட்டார் வைக்கக்கூடாது என்று ஊருக்கே தெரியும். அவன் வைத்திருப்பதும் ஊருக்கே தெரியும்.

விஷயத்தைக் கேட்டதும் தியாகு குரலைத் தாழ்த்தினான். "வெளிய தெரிஞ்சா கனெக்சனப் புடுங்கிடுவாங்க. பைப்பு எங்கயோ ஒடஞ்சிருக்குன்னு சொல்லிடலாங்க்கா."

நானாக இருந்தால் சரி என்றிருப்பேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

"இந்தத் தண்ணிக்காக ரோட்டுல விழுந்து கெடந்தேன்டா. அதுல நானே மீனக் கழுவி ஊத்திருக்கேன்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "காலையில புடிச்சதக் கொட்டிடுங்க. என் டிரம்முலேருந்து வந்த அழுக்கு அது." பக்கத்து வீட்டு மலர்கொடி வாய்க்கு வந்தபடி ஏசினாள். அக்கா நின்று கேட்டுக்கொண்டார். தியாகுவைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அன்றே டியூபை அறுத்து, டிரம் விளிம்புக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி ஒரு கம்பில் கட்டினார். இனி தண்ணீர் மேலேயிருந்து விழலாம், திரும்பி ஏற முடியாது.

மறுநாள் தண்ணீர் வந்தபோது மோட்டார் சத்தம் கேட்கவில்லை. தியாகு குடத்தோடு அக்கா வாசலில் நின்றான்.

"கழட்டிட்டேங்க்கா. எங்க குழாயில நூலா வருது. புள்ளைக்கு மட்டும் உங்க வீட்டுலதான் புடிச்சிட்டு வரணுமாம், சுடர்விழி சொல்றா. உள்ளதச் சொன்னது நீங்கதானாம்."

அக்கா குழாயைத் திறந்து, முதலில் வந்ததை வெகுநேரம் ஓடவிட்டார். பிறகு ஒரு டம்ளர் பிடித்து, தானே முழுதும் குடித்தார். அதற்குப் பிறகுதான் அவன் குடத்தை வாங்கினார்.