கேமராவுக்குத் தைத்த ஷூ

நல்ல கேமரா பை ஒன்று கிடைத்துவிட்டால் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு மழைக்காலம் முழுக்க நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. தொப்பை, மூக்குக் கண்ணாடி, ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கர் வேலை எல்லாம் இருந்தது. இருந்தும் நம்பினேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஆம்பூரில் வீடு. என் மனைவி வேலூரில் நர்ஸ். தினமும் பள்ளிகொண்டா வழியாக பஸ்ஸில் போய் வருவாள். அவளுக்கு சவூதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை வந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம், ஜனவரி முதல் வாரம் விமானம். எங்கள் தெருவில் இது அதிசயமில்லை. ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் அரபி எழுத்து போட்ட காலண்டர் தொங்கும். ஆனாலும் அடுத்த வீட்டுக்காரி போவது வேறு, நம் வீட்டுக்காரி போவது வேறு என்பது எனக்கு அக்டோபரில்தான் தெரிந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நாம நாலு பேரும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணுங்க. ஸ்டுடியோல திரையைப் போட்டு, வெறைச்சிக்கினு நிக்கிறது வேணாம். எங்கயாச்சும் வெளியூர் போய், சிரிச்சிக்கினு. அங்க கட்டில் பக்கத்துல வெச்சிக்கிறேன்."

யோசித்துப் பார்த்தால் அப்படி ஒரு படம் எங்களிடம் இல்லை. பெண்கள் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து நான்தான் யாரிடமாவது இரவல் கேமரா வாங்கிப் படம் எடுப்பேன். எடுக்கிறவன் படத்தில் எப்படி வருவான்? எங்கள் வீட்டு ஆல்பத்தைப் பார்க்கிற யாரும், தகப்பன் எப்போதோ போய்ட்டான் என்றுதான் நினைப்பார்கள்.

பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த பாய் எனக்குத் தோஸ்த். அவர் தன்னிடமிருந்த பழைய பெரிய கேமரா ஒன்றை எனக்குக் கொடுத்தார். நீட்டு லென்ஸ். எல்லாவற்றுக்கும் மேல், அதில் டைமர் இருந்தது. பட்டனை அமுக்கிவிட்டு ஓடிப் போய் நின்றால் பத்து விநாடியில் தானே எடுக்கும். கிறிஸ்துமஸ் லீவில் ஊட்டி என்று முடிவானது.

போகாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் நிற்கப் போவதில்லை, நிற்கச் சொல்லும் நிலைமையும் இல்லை. பை எது நல்லது என்று பேச மட்டும் வாய் வந்தது. காலையில் பேசினேன், சாப்பிடும்போது பேசினேன். ரயிலில் மேல் பெர்த்திலிருந்து கேமரா விழுந்தால்? ஊட்டி மழையில் நனைந்தால்? திருடன்? குரங்கு? குரங்கைப் பற்றி மட்டும் இரண்டு நாள் கவலைப்பட்டேன். கம்பெனியில் ஷூவின் குறைகளை எழுதும் செக்கிங் ஷீட்டின் பின்பக்கத்தில் "குரங்கு – ஜிப் திறக்கத் தெரியுமா?" என்று நான் எழுதி வைத்திருந்ததை என் சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

"பாய், எந்தப் பை எடுக்கலாம்?" என்று கேட்டேன்.

"நைலான்ல எடு. உள்ள பஞ்சு வெச்சது. எடை கம்மி, ஈரம் நிக்காது."

"தோல்ல?"

"தோலு செருப்புக்குப்பா," என்றார் பாய். தோலை விற்றே ஊர் பிழைக்கிற பஜாரில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னார்.

சரி என்று வேலூருக்குப் போனேன். நான்கு கடை ஏறினேன். செக்கர் புத்தி சும்மா இருக்குமா? பையைக் கையில் எடுத்ததும் தையலை நகத்தால் நெம்பினேன். ஜிப்பை இருபது முறை இழுத்தேன். வாரைப் பிடித்துத் தொங்கினேன். உள்ளே மூக்கை விட்டு முகர்ந்தேன். முதல் பையில் நூல் பிரிந்திருந்தது, ரிஜெக்ட். இரண்டாவதில் தையல் வளைந்திருந்தது, ரிஜெக்ட். ஏழாவது பைக்கு வந்தபோது கடைக்காரர் கேட்டார்.

"சார், வாங்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?"

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். வீட்டில் என் மனைவி பாஸ்போர்ட் நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, ஒரு பை கூடவா புடிக்கல?"

"எல்லாம் ஒரு வருஷத்துல பிஞ்சிடும்."

"நாலு நாள்தானே போறோம்."

"ரெண்டு வருஷம்னா?" என்றேன். எதற்கு எதைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நகல்களைத் திரும்ப முதலிலிருந்து அடுக்கினாள்.

அடுத்த வாரம் கம்பெனியில் சாம்பிள் ரூம் மாஸ்டரைப் பிடித்தேன். வெளிநாட்டுக்காரன் பேப்பரில் வரைந்து அனுப்பும் ஷூவை முதன்முதலில் தைத்துப் பார்க்கிறவர் அவர்தான். ஒதுக்கி வைத்திருந்த தோலில் ஒன்றை நானே பொறுக்கினேன். அடர்ந்த பழுப்பு. விரலால் மடித்தால் சுருக்கம் விழாமல் பழையபடி வந்து நிற்கும். கேமராவைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன்.

"இன்னா சார், கேமராவுக்கு ஷூ தைக்கச் சொல்றியா?"

"பைதான் மாஸ்டர். ஆனா ஷூ மாதிரி கச்சிதமா இருக்கணும். உள்ள ஆடவே கூடாது."

அவர் தைத்தது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோல் புதுசு, இங்கே தொங்கியது, அங்கே உப்பியது. மாஸ்டர் சொன்னது தொழில் தெரிந்த யாரும் சொல்வதுதான். ஷூவுக்கு வடிவம் எப்படி நிற்கிறது? தோலை ஈரப்படுத்தி, கால் வடிவக் கட்டைமேல் இழுத்து மாட்டி, அப்படியே விட்டுவிட வேண்டும். காய்ந்த பிறகு கட்டையை உருவினாலும் தோல் அந்த வடிவத்தை மறக்காது. கேமரா வடிவத்தில் கட்டைக்கு எங்கே போவது?

"கேமராவே இருக்குதே மாஸ்டர்," என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். "ஈரம் சார். அப்புறம் பேஜாராயிடும். உன் இஷ்டம்."

என் இஷ்டப்படியே செய்தேன். பையை நனைத்தேன். கேமராவை இரண்டு பாலிதீன் கவரில் சுற்றி, லென்ஸோடு உள்ளே திணித்து, வாரால் இறுக்கிக் கட்டி பீரோமேல் வைத்தேன். ஷூ என்றால் கம்பெனியில் சூடு காட்டிக் காயவைப்பார்கள். பீரோமேல் என்ன சூடு இருக்கும்? வெளியே ஐப்பசி மழை. பத்து நாளில் காயவில்லை, இருபது நாளிலும் காயவில்லை. இடையில் எடுத்துவிட்டால் வடிவம் கெட்டுவிடும் என்று தொடவேயில்லை.

நவம்பர் கடைசியில் பைமேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. மழைக்காலத்தில் தோல் பூக்காமல் என்ன செய்யும்? எங்கள் குடோனில் ஒவ்வொரு வருஷமும் பூக்கும். துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, விசிறிக் காற்றில் காட்டினால் தீர்ந்தது. அப்படியே துடைத்தேன், எண்ணெய் தடவினேன். பை பளபளத்தது. கேமராவின் உருவம் அச்சாக விழுந்திருந்தது, லென்ஸுக்கு முன்னால் மூக்கு போல ஒரு புடைப்பு. கேமராவை உள்ளே வைத்துக் குலுக்கினால் சத்தமே இல்லை. தெருவில் நான்கு பேருக்குக் குலுக்கிக் காட்டினேன்.

கேமராவுக்குள் கண்ணை விட்டுப் பார்க்கவில்லை. செக்கர் என்று எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஊட்டிக்குக் கிளம்பிய அன்று ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் முதல் படம் எடுத்தேன். மனைவியும் பெண்களும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். கேமராவில் பார்த்தால் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்போதும் மங்கல். நாற்பதைத் தாண்டினால் கண் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஊட்டியில் நிஜமாகவே மூடுபனி, அங்கே சந்தேகமே வரவில்லை.

நான்கு பேரும் சேர்ந்த படம் ஒன்பது எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் கேமராவை ஒரு கல்மேல் வைத்து, பட்டனை அமுக்கிவிட்டு ஓடினேன். ஒருமுறை வழுக்கி விழுந்தேன். பெரியவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சின்னவள் அவள் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேமரா கிளிக் என்றது. இதுதான் அந்தப் படம் என்று நான்கு பேருக்குமே தெரிந்தது. ஒரு குரங்கு வந்தது. பையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்கு என்னைவிட விவரம் இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பினோம். திங்கள் காலையில் அவள் பெட்டியோடு மெட்ராஸ் போனாள். ஏஜென்ட் ஆபீஸில் கையெழுத்து வேலை இருந்தது, புதன்கிழமை விமானம் வரை அக்கா வீட்டில் தங்கல். நானும் பெண்களும் புதன் விடியற்காலையில் படங்களோடு போய்ச் சேருவதாகப் பேச்சு.

செவ்வாய் சாயங்காலம் கேமராவோடு பாய் கடைக்குப் போனேன். முந்தின நாள் கொடுத்த ரோல் கழுவி லேபிலிருந்து வந்திருந்தது, கவரை அவரே பிரித்தார். முதலில் ஊட்டி.

"பனி ஜாஸ்தியோ?" என்றார்.

"செம பனி பாய்."

இன்னும் நான்கைந்து தள்ளினார். எல்லாம் பாலில் நனைத்தெடுத்தது போல இருந்தது. ஆள் இருப்பது தெரிந்தது. யார் என்பதைப் புடவை நிறத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கடைசியில் பெட்டிமேல் மூன்று பேர் உட்கார்ந்த படம் வந்தது.

"இது எங்க?"

"ஜோலார்பேட்டை."

"ஜோலார்பேட்டைல என்னிக்குப்பா பனி பேஞ்சிது?"

அவர் கேமராவை வாங்கினார், பையிலிருந்து உருவவே கஷ்டப்பட்டார். லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து என்னிடம் நீட்டினார். கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல வெள்ளை வெள்ளையாக ஓடியிருந்தது. குடோனில் நான் வருஷா வருஷம் துடைக்கிற அதே பூஞ்சை. இது உள்ளே இருந்தது.

"துடைச்சா போயிடுமா பாய்?"

"லென்ஸைத் துடைக்கலாம். படத்தை எப்படித் துடைப்ப?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "வூட்ல எல்லாரையும் கூட்டியா. இப்பவே நான் எடுத்துத் தர்றேன்."

"அவ மெட்ராஸ் போய்ட்டா பாய்."

பாய் டார்ச்சை அணைத்தார்.

கேமராவை பாயிடமே விட்டுவிட்டேன், வேறொன்று இரவல் கேட்கத் தோன்றவில்லை. விமான நிலைய வாசலில் அவள் முப்பத்தாறு படங்களையும் நின்றபடியே பார்த்தாள்.

"இது யாரு, நானா?"

"இல்ல, பெரியவ."

"இது?"

"அதான் நான் விழுந்தது. நீ சிரிச்சது."

அந்தப் படத்தில் வெள்ளைக்குள் நான்கு நிழல்கள் இருந்தன, ஒன்று சாய்ந்திருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன், ரயிலில் வரும்போதே யோசித்தது. அவள் எல்லாவற்றையும் கவரில் போட்டு என்னிடமே கொடுத்தாள். பிறகு என் தோளிலிருந்த வெறும் பையைக் கழற்றி, உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

"இந்த மூக்குல ஊறுகா பாட்டில் ஆடாம நிக்கும்," என்றாள்.

நின்றது. சத்தமே இல்லாமல் நின்றது.

அவள் போய்விட்டாள். தோல் பையில் எலுமிச்சை ஊறுகாய் போனது. பெண்கள் இருவரின் ஸ்கூல் அடையாள அட்டைக்கு எடுத்த ஸ்டாம்ப் சைஸ் படத்தில் ஆளுக்கு ஒன்று அவள் பர்ஸில் போனது. என் படம் எதுவும் போகவில்லை.