பெயர் தின்னும் பனியும் கிட்வாய் நகரும்

டெல்லி பஸ்ஸில் நான் புத்தகத்தைத் திறந்தால் யாராவது திருத்த வந்துவிடுவார்கள். "பஹன்ஜி, கிதாப் உல்டி ஹை" என்பார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனாம். உண்மையில் அது நேராகத்தான் இருக்கும். கடைசி அட்டையிலிருந்து முதல் அட்டையை நோக்கி, வலமிருந்து இடமாக வாசிக்கிற புத்தகம் அது. ஒருநாள் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் "ஜப்பானி ஹை" என்றேன். அவர் எழுத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "அச்சா, மதராசி" என்று தலையாட்டினார். இல்லை, ஜப்பான் என்று மறுபடியும் சொன்னேன். "ஏக் ஹீ பாத் ஹை, பேட்டி" என்றபடி இறங்கிப் போனார். இரண்டும் ஒன்றுதான் மகளே என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அட்டையை மறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. சுருக்கெழுத்துத் தேர்வில் தேறியதும், மத்திய அரசு வேலையிலிருந்த அண்ணன் என்னை கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துக்கொண்டான். ஒரு ஜப்பானிய வர்த்தகக் கம்பெனியின் டெல்லி ஆபீஸில் ஸ்டெனோ வேலை கிடைத்தது. மேலாளரின் மனைவி கியோகோ அடிக்கடி ஆபீஸுக்கு வருவாள். என் வயதுதான். டெல்லியில் அவளுக்குப் பேச ஆள் கிடையாது. ஆங்கிலம் பாதி, சமையல்காரரிடம் கற்ற ஹிந்தி பாதி. ஒரு மத்தியானம் அவள் வாசித்துக்கொண்டிருந்த தடித்த படக்கதைப் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் கதவின் முன்னால் நிற்கிறாள். கதவுக்குக் கீழே கறுப்பாக ஏதோ கசிகிறது. "மாங்கா" என்றாள் கியோகோ. நான் என் டிபன் டப்பாவைத் திறந்து மாங்காய் ஊறுகாயை நீட்டினேன். அவள் தின்றுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாங்கா என்றால் அவர்கள் ஊரில் படக்கதை என்று பிறகுதான் புரிந்தது.

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளைகளில் எனக்குக் கதை சொன்னாள். அது ஒரு மலையூர். பனி இறங்கும்போதெல்லாம் அங்கே ஒருவர் காணாமல் போகிறார். போனவரின் பெயர் அம்மா அப்பாவுக்குக்கூட மறந்துபோகிறது. ஹரு என்ற பெண்ணுக்கு மட்டும் எல்லோரையும் நினைவிருக்கிறது. அதனால் பனிக்குள் இருப்பது அவளைத் தேடி வருகிறது. ஒவ்வொரு புத்தகமும் மூச்சை நிறுத்துகிற இடத்தில் முடியும். "தென், பூத் ஆதா ஹை", அப்புறம் பேய் வருகிறது, என்று சொல்லி கியோகோ மூடிவிடுவாள். மறுநாள் வரை எனக்குத் தட்டெழுத்து ஓடாது. சொல்லி முடித்த புத்தகங்களை எனக்கே கொடுத்துவிடுவாள்.

இந்தப் பேய்க் கதையில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் அநேகம். எங்கள் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லடித்துப் பாடும்போது, அநியாயமாகச் செத்த பெண்கள் தெய்வமாகத் திரும்பி வருவார்கள். ரத்தமும் சுடுகாடும் அந்தப் பாட்டில் உண்டு. சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் கேட்பார்கள். டெல்லிக்கு வந்தபின் பெண்களுக்கென்று என் கைக்குக் கிடைத்த தொடர்கதைகளிலோ கல்யாணம்தான் முடிவு. ஹருவின் கதை இருட்டை இருட்டாகவே காட்டியது. அவளுக்குப் பயம் உண்டு, ஆனாலும் கதவைத் திறப்பாள். ஆபீஸிலும் காய்கறிக் கடையிலும் கோமதி என்ற பெயர் போய் "மதராசன்" என்று ஆகிவிட்ட எனக்கு அவளைப் பிடித்ததில் என்ன ஆச்சரியம்?

வீட்டில் அண்ணன் மனைவியான மதினிக்கு இந்தப் புத்தகங்களைக் கண்டாலே ஆகாது. "சாமி படம் இருக்க இடத்துல இந்தக் கோரத்தைக் கொண்டாந்து வைக்கியே" என்பாள். இருந்தாலும் நான் காய் நறுக்கியபடி கதை சொல்லும்போது அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பாள்.

மோதி பாக்கிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளை டெல்லியில் வளர்ந்தவர், நல்ல வேலை. காபி வருவதற்குள் அவருடைய அப்பா அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முகமில்லாத மனிதர்கள் வரிசையாக நிற்கும் பக்கம். புத்தகத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"இது யார் படிக்கறது?"

"நான்தான் மாமா."

"கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் வேண்டாம்மா. குடும்பத்துக்கு ஆகாது."

"கதை இன்னும் முடியல. முடியாம நான் விடமாட்டேன்."

அண்ணன் முகம் வெளுத்தது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "உங்களுக்கும் ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்துவிட்டு, "ஃபாதர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பதிலே வரவில்லை.

அண்ணன் கத்தித் தீர்த்தான். "மொத்தத்தையும் கட்டி பழைய பேப்பர் கபாடிக்காரன்ட்டப் போடு" என்று மதினியிடம் சொன்னான். மதினி புத்தகங்களை அள்ளி முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள்.

"போடமாட்டேன். அந்தப் பிள்ளைக்கு என்னாச்சுன்னு தெரியாம நான் எப்படிப் போட?"

 அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மதினி என்னிடம் திரும்பி, "இப்பச் சொல்லுட்டி, கதவத் தொறந்தாளா இல்லியா?" என்றாள். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக, அந்த அத்தியாயத்தை முடித்தோம்.

கதை முடிவதற்குள் கியோகோவின் கணவருக்கு மாற்றல் வந்தது. கடைசிப் புத்தகம் வெளிவந்ததும் அனுப்புவதாகச் சொல்லிப் போனாள். புத்தகம் வரும், வாசித்துச் சொல்ல அவள் இருக்கமாட்டாளே! நான் மாலை நேர ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். சுற்றுலா வழிகாட்டியாகப் போகிறவர்களும் ஏற்றுமதிக் கம்பெனி ஆட்களும்தான் அங்கே படித்தார்கள். எதற்குப் படிக்கிறாய் என்று ஆசிரியர் கேட்டபோது, ஒரு பேய்க் கதையின் முடிவு தெரியவேண்டும் என்றேன். வகுப்பே சிரித்தது. அவர்களில் பாதிப் பேர் பாதியில் நின்றுபோனார்கள். நான் நிற்கவில்லை.

கடைசிப் புத்தகம் வந்தபோது அகராதியும் கையுமாக வாசித்தேன். கடினமான எழுத்துகளின் பக்கத்தில் உச்சரிப்பைப் பொடியாக அச்சிட்டிருந்தது பெரிய உதவி. ஹரு காணாமல் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டு பனிக்குள் நடந்து போகிறாள். திரும்பி வந்தாளா என்று காட்டவில்லை. "இதென்ன முடிவு, வயித்தெரிச்சல்" என்று மதினி திட்டினாள். எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஊரில் பேசுகிறவர்கள் பேசட்டும்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குவார்ட்டர்ஸ் புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டு அண்ணன் மகள் சுதாவுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். டெல்லியில் பிறந்தவள். தமிழ் வாசிக்க வராது, வீட்டில் பேசுவதும் அரைகுறைத் தமிழ்தான். பேய் வருகிறது என்றதும் என் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பிள்ளைகளும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். நான் ஜப்பானிய எழுத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன், அவள் அதை ஹிந்தியில் சொன்னாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு சிறுமி ஏதோ கேட்க, சுதா என்னிடம் திரும்பினாள்.

"அத்தை, அந்த ஊர் எங்க இருக்குன்னு கேக்கறா. ஜப்பான்லயா, மெட்ராஸ்லயா?"

"இங்கதான்னு சொல்லு."

சுதா அதை ஹிந்தியில் சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பி, வரிசையாக நின்ற மஞ்சள் குவார்ட்டர்ஸ் கதவுகளைப் பார்த்தார்கள். அவர்களோடு நானும் பார்த்தேன்.