ஏழாம் நம்பர் பனியன்

கறுக், கறுக். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் செல்போனில் கத்தரிக்கோல் ஓடியது. யாரோ பெரிய ஆட்டக்காரர் அணிந்து ஆடிய சட்டையை நகத்தளவாக வெட்டி, அட்டையில் ஒட்டி விற்கிறார்களாம். வண்டி கடலூரை விட்டு ஆலப்பாக்கம் தாண்டியிருந்தது. அந்தச் சத்தத்தில், சிதம்பரத்து மாமா வீடும், ஒரு நீலப் பனியனும், இந்த வயதிலும் அவியாத ஒரு வயிற்றெரிச்சலும் சேர்ந்து எழுந்தன.

மாமா கபடி ஆட்டக்காரர். மஞ்சக்குப்பம் மைதானத்தில் அவர் அணி கோப்பை வாங்கிய நாளின் பனியன் அது. முதுகில் வெள்ளைத் துணியில் தைத்த ஏழு. கதையை அவர் வாயால் கேட்க வேண்டும்.

"கடைசிப் பாட்டு. கபடி கபடின்னு பாடிக்கிட்டே ஏழாம் நம்பர் உள்ள போவுது. மூணு பேரு கால வாரிப் புடிக்கிறானுங்க. ஏழாம் நம்பர் அத்தினி பேரையும் இழுத்துக்கிட்டே வந்து கோட்டத் தொட்டுச்சு."

'நான்' என்று மட்டும் வராது. என்ன அடக்கம் என்று மெச்சிக்கொள்வோம்.

கோடை விடுமுறைதோறும் பெரியம்மா மகனும் நானும் அந்தப் பனியனுக்கு அடித்துக்கொள்வோம். தொடக்கூட விடாத மாமா, ஒரு நாள் காலை தானாகவே அதைப் பெட்டியிலிருந்து எடுத்தார். கூடவே கத்தரிக்கோலும்.

"நெல்லிக்குப்பத்தாரு இன்னிக்கு வர்றாருல்ல, அதப் பாக்கணும்னு சொல்லிவுட்டாரே" என்றார் அத்தை.

"தாய்மாமன் ஓரவஞ்சன பண்ணக் கூடாது. ஆளுக்குப் பாதி."

முதுகுப்பக்கம் மூத்தவனான அண்ணனுக்கு. முன்பக்கம் எனக்கு: வெறும் நீலம்.

"உனக்கு மாமா தொப்பதாண்டி" என்று சொல்லிவிட்டு, ஏழைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ வீதி முழுக்கச் சுற்றிவந்தான். அவன் சிரித்தது எரிந்தது. தண்ணீர் குடித்தது எரிந்தது. அவனுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று சாமியிடம் கேட்டேன். பிறகு பயந்து, சின்னக் காய்ச்சல் போதும் என்று திருத்திக்கொண்டேன்.

மத்தியானம் மாமாவின் சிநேகிதர் வந்தார், நெல்லிக்குப்பத்துக்காரர். பம்பாயில் வேலை கிடைத்திருந்தது, சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். பனியன் எங்கே என்றார். மாமா எங்களைக் கைகாட்டினார். இரண்டு துண்டுகளையும் அவர் மடியில் வாங்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒங்க மாமாவுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு பாப்பா. டீமுக்கே ஏழு பனியன்தான். அவரு கழட்டிக் குடுக்க, வேர்வையோட மாட்டிக்கிட்டு நான் உள்ள போனேன்."

"அப்ப கோட்டத் தொட்டது யாரு?"

மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏழாம் நம்பர்தான் பாப்பா."

அவர் விரல் அந்த வெள்ளைத் துணியையே தடவிக்கொண்டிருந்தது. அவருக்கும் அண்ணன்மேல் பொறாமைதான் என்று முடிவுகட்டினேன். கூட்டாளி கிடைத்ததில் எனக்கு ஒரு திருப்தி. அந்த வீட்டில் பொறாமைப்பட்டது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று வெகுகாலம் நம்பினேன்.

வாசலில் அவர் செருப்பு மாட்டும்போது மாமா சொன்னார்: "நீ கேப்பேன்னு நெனைக்கல மச்சான்."

"எடுத்துட்டுப் போவ வரல மச்சான். ஒருதடவ போட்டுக்கிட்டு, ஒன்னயும் பக்கத்துல நிக்க வச்சி, ஒரு போட்டோ புடிச்சிக்கலாம்னுதான் வந்தேன்."