நான்காம் எண் கருத்து

சண்டை முடிந்து ஆட்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. எதைக் கண்டாலும் எண் போட்டு எழுதி வைக்கும் பழக்கம் அப்போதே உண்டு. இன்று பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்கு எண் ஒட்டும்போது அது கைகொடுக்கிறது.

அப்பா திண்டிவனம் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. சென்னையிலிருந்து வாரப் பத்திரிகைக் கட்டு வியாழக்கிழமை மத்தியான வண்டியில் வந்து இறங்கும். அதே வண்டி விழுப்புரம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே அந்தப் பத்திரிகையில் வந்த மர்மத் தொடர்கதையில் யார் செத்தார், யார் பிடிபட்டார் என்பது விழுப்புரத்துக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். திண்டிவனத்தின் பெருமைகளில் இதை முதலாவதாக என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். விழுப்புரத்தில் இருந்த பெரியம்மா, கதையை யாராவது சொல்லியனுப்பினால் பேச்சுவார்த்தையே கிடையாது என்று எதிர் வண்டியில் சீட்டு அனுப்புவாள்.

கதையின் பெயர் 'ஏழாவது கூடாரம்'. பட்டாளத்தில் குற்றங்களைத் துப்பறிந்துவிட்டு விலகி வந்த சுபேதார் தணிகாசலம்தான் கதாநாயகன். சண்டையில் காணாமற்போன சிப்பாய்களைத் தேடுவது அவருடைய வேலை. யார் வந்து அழுதாலும், "மூன்று அடையாளம் சொல்லுங்கள்" என்பார். சொன்னால் போதும். ஆள் கிடைத்துவிடுவான், கூடவே ஒரு கொலைகாரனும் அகப்படுவான்.

பார்சல் ஆபீசில் நான்தான் உரக்க வாசிப்பேன். அப்பா ரசீது எழுதிக்கொண்டே கேட்பார். அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நிற்பாள். பர்மா எல்லையில் கோவேறு கழுதைப் பட்டாளத்தில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்த மாமா, எடை போடும் மேடையில் உட்கார்ந்து சிரிப்பார். பிளாட்பாரத்தில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்கும் அக்கா, அடுத்த வண்டி வரும்வரை கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நிற்பாள். அவளுடைய வீட்டுக்காரர் பட்டாளத்தில் மலேயா போனவர். ஐந்து வருடமாகக் கடிதம் இல்லை.

கதை முடிந்ததும் அம்மா எல்லா வாரத்துத் தாள்களையும் பிரித்துத் தைத்து, பழுப்பு அட்டை போட்டு நாவலாக்கினாள். வாசகர்கள் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. நான் ஒரு முழுத் தாளில் கோடு போட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டுக் கிளம்பினேன்.

ஒன்று, அப்பா: விழுப்புரத்தில் வில்லன் ஏறித் தப்பிக்கிற நேரத்துக்குக் காட்பாடி வண்டியே கிடையாது. இரண்டு, அம்மா: இத்தனை வாரத்தில் சுபேதார் ஒருவேளைகூடச் சோறு தின்னவில்லை, அந்த மனுஷனுக்கு எப்படித் தெம்பு வரும்? மூன்று, பெரியம்மா, சீட்டு மூலம்: முடிவு எனக்கு முதல் வாரமே தெரியும்.

மாமாவிடம் போனேன்.

"சுத்தப் பொய்" என்றார். "காணாப்போன கழுதைக்கு மூணு தபா ஆள் அனுப்பித் தேடினானுங்க. காணாப்போன ஆளுக்கு? நம்பர அடிச்சுட்டு அடுத்த நம்பரக் கூப்புட்டானுங்க. மிலிட்டரி மனுசனத் தேடாது. எழுதிக்கோ."

நான்காம் எண்ணில் எழுதினேன். இருந்ததிலேயே இதுதான் உருப்படியான கருத்து என்று தோன்றியதால் அடிக்கோடும் போட்டேன்.

அக்காவிடம் கேட்டபோது அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த சுபேதாரு மூணு அடையாளம் கேக்குறாரே, சொல்றேன் எழுதிக்க கண்ணு. எடது புருவத்துல தழும்பு. சோறு துன்னும்போது ஒரு வார்த்த பேசமாட்டாரு. அப்புறம்... சிரிச்சா ரெண்டு கண்ணும் மூடிக்கும்."

"அக்கா, அது கதைங்க. சுபேதார்னு யாருமே இல்ல."

"தெரியும் கண்ணு. கதை எழுதினவருக்குப் பட்டாளத்துல தெரிஞ்சவங்க யாருனா இருப்பாங்க இல்ல? எழுது."

"கருத்துன்னா நல்லா இருக்குது, நல்லா இல்ல, அவ்ளோதாங்க."

"அப்ப நல்லா இருக்குதுன்னு போடு. அதுக்குக் கீழ இதையும் போட்டுடு."

தலையாட்டினேன். ஆனால் என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

சில வாரங்களில் எங்கள் ஐந்து கருத்தும் அச்சில் வந்தன. பார்சல் ஆபீசில் ஒரே கொண்டாட்டம். நான் வரிசை தவறாமல் உரக்க வாசித்தேன். நான்காவதை மாமா குரலில் வாசித்துக் காட்டினேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதை வாசித்து முடித்ததும் அக்கா கிட்டே வந்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இதுக்குக் கீழ?"

"கீழ ஒண்ணும் இல்லக்கா. நீங்க சொன்னது கருத்து இல்ல. அதனால நான் எழுதல."

அவள் கூடையைத் தூக்கினாள். மாமா மேடையை விட்டு எழுந்து பின்னாலேயே போனார்.

"அக்கா, நில்லுங்க. அவரு பட்டாள நம்பர் தெரியுமா?"

அவள் வாய்ப்பாடு ஒப்பிக்கிறமாதிரி சொன்னாள். மாமா என் நோட்டைப் பிடுங்கி எழுதிக்கொண்டார். மூன்று அடையாளங்களையும் கேட்டு எழுதினார். அப்பாவின் உதவியோடு இங்கிலீஷில் ஒரு மனு தயாராகி, பதிலுக்கு ஸ்டேஷன் முகவரி போட்டுப் பட்டாள ஆபீசுக்குப் போயிற்று. அன்று முதல் ஒவ்வொரு வண்டி வரும்போதும் அவள் பிளாட்பாரத்திலிருந்தே, "தம்பி, வந்துச்சா?" என்பாள். மாமா கையை விரித்துக் காட்டுவார். மாமா எப்போதோ பொய் என்று சொல்லிவிட்ட கதைக்காக இரண்டு பேரும் ஏன் இப்படி மெனக்கெடுகிறார்கள் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மல்லாட்டை அறுவடை சமயத்தில் ஒரு பழுப்பு உறை வந்தது. மாமா நின்றபடி ஒருமுறை படித்தார். எடை மேடையில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். தலையிலிருந்த பட்டாளத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, காகிதத்தை நாலாக, எட்டாக மடித்தார். மேடையின் முள் அவர் எடையைக் காட்டி நின்றது. அதை நான் குறித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள்.

"வந்துச்சா தம்பி?"

"இங்கிலீஷ்ல இருக்குதுக்கா" என்றார் மாமா. "தேடிக்கினு இருக்காங்களாம். நாளாகும்னு எழுதியிருக்காங்க."

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து இரண்டு கை மல்லாட்டையை அள்ளி அவர் தொப்பியில் போட்டாள்.

"சாப்புடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனாள். ஜன்னல் ஜன்னலாக அவள் குரல் கேட்டது, எப்போதும் போல.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, மிலிட்டரி மனுசனத் தேடாதுன்னு நாலாம் நம்பர்ல சொன்னீங்களே?"

"தப்பா சொல்லிட்டேன்" என்றார். "அடிச்சுடு."

நோட்டில் வைத்திருந்த நகலில், அளவுகோல் வைத்து நான்காம் எண்ணை அடித்தேன். பக்கத்திலேயே சிவப்பு மையில், 'கருத்தை மாற்றிக்கொண்டார். மிலிட்டரி தேடுகிறது' என்று எழுதினேன். பெரியவர்கள் யாரும் அவ்வளவு லேசில் தவற்றை ஒப்புக்கொள்வதில்லை. மாமாமேல் எனக்கு மரியாதை கூடியது. அதற்குப் பிறகு அக்கா ஒரு நாளும் "வந்துச்சா" என்று கேட்கவில்லை. நல்ல செய்தி கேட்டு மனம் தேறிவிட்டாள் என்று அதையும் அடுத்த எண்ணில் எழுதி வைத்தேன்.