இரண்டாவது விசில்

கண்டக்டர் வேலைக்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும். இரண்டு ஊதினால் கிளம்பும். பஸ்ஸில் ஒருமுறை ஏறிய குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் மறந்து தொலைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்போது நான் கண்டக்டர் ஆகியிருக்கவில்லை. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் என்ற கணக்குப்பிள்ளைக்கு எடுபிடியாக ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் லைசென்ஸ் எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். எப்போது இண்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள் என்று தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நிற்பேன். விசிலைக்கூட முன்னாலேயே வாங்கிவிட்டேன். கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பேன். வேலை கிடைக்கும் முன்பே விசில் வாங்கியவன் என்று ஊரே கேலி செய்தது. செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு இரண்டு நண்பர்கள். மூவருக்குள்ளும் வாடா போடாதான். ஒருவன் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தான். வாடகைக்கும் விடுவான், ரிப்பேரும் பார்ப்பான். இன்னொருவன் தையல்காரன். அவன் கால் மெஷினை மிதிக்கும் வேகத்தைப் பார்த்தால் சைக்கிளில் அவனை யாராலும் முந்த முடியாது என்று தெரிந்துவிடும். ஞாயிறு விடிந்தால் மூன்று பேரும் மூன்று சைக்கிளில் கிளம்பிவிடுவோம். நாகலூர், கொட்டச்சேடு என்று மலையைச் சுற்றிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவோம். எல்லாம் கனத்த கறுப்பு சைக்கிள்கள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவோம், இறக்கத்தில் பறப்போம். அந்த இறக்கத்துக்காகத்தான் அத்தனை தள்ளலும்.

பனி இறங்கிவிட்டால் அந்த ரோட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. விசில் வைத்திருக்கும் நான் முன்னால் போவேன். வளைவில் திரும்பிப் பார்த்து, ரோடு காலியாக இருந்தால் இரண்டு விசில். அதைக் கேட்டதும் பின்னால் வருகிறவர்கள் பிரேக்கை விட்டுவிட்டு வரலாம். ஏதாவது வண்டியோ மாடோ நின்றால் ஒரு விசில். கேட்டவன் பெல் அடித்துப் பதில் சொல்ல வேண்டும். தையல்காரன் நடுவில் வருவான். நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் வாயடிக்கலாம் என்பான். சைக்கிள் கடைக்காரன் எப்போதும் கடைசி. யாருக்காவது செயின் கழன்றால் அவன்தானே மாட்ட வேண்டும்.

அன்றைக்கு நாகலூரில் டீ குடித்தோம். முதல் நாள்தான் சைக்கிள் கடைக்காரன் தையல்காரனின் சைக்கிளுக்குப் புதிய பிரேக் கட்டை மாட்டியிருந்தான்.

"மாப்ள, புதுக் கட்டைடா. தொட்டாலே நின்னுக்கும். குப்புற உளுந்து பல்லைக் கில்லை ஒடைச்சுக்காத" என்றான்.

"நீ மாட்டுனதா? அப்ப நான் இன்னிக்கே போய்ச் சேந்துருவேன்" என்றான் தையல்காரன். டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அந்தப் பேச்சே பின்னால் எங்கள் கழுத்தைச் சுற்றும் என்று யாருக்குத் தெரியும்?

கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு நீண்ட இறக்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. அன்று இவை ஒன்றும் தெரியவில்லை. பனி அப்படி. நான் முதல் வளைவில் திரும்பினேன், காலி. இரண்டு விசில் ஊதினேன். அடுத்த வளைவு திரும்பினேன். விறகு ஏற்றிய எஸ்டேட் டிராக்டர் ஒன்று டயர் பஞ்சராகி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. டிரைவர் கீழே உட்கார்ந்து போல்ட் கழற்றிக்கொண்டிருந்தார். நான் காலைத் தரையில் தேய்த்து எப்படியோ டிரெய்லரை ஒட்டி நின்றேன். விசிலை வாயில் வைத்து ஒரே ஊது.

பெல் சத்தம் வரவில்லை.

கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடி ஊதினேன்.

அவ்வளவுதான் நடந்தது. மறுபடி ஒன்று. எனக்கு அது இரண்டாவது தடவை ஊதிய ஒற்றை விசில். பனிக்குள் வருகிறவனுக்கு அது இரண்டு விசில். ரோடு காலி, பிரேக்கை விடு, வா. ஊதி முடித்த கணமே எனக்கு உறைத்துவிட்டது. "நில்லுடா!" என்று கத்த வாயைத் திறந்தேன். வாயில் விசில் இருந்தது.

அவன் சினிமாப் பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தான். டிரெய்லரின் மூலையில் அவன் முழங்கால் மோதிய சத்தம் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெம்பில்லை. மண்டையிலும் அடி. பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான்.

டிராக்டர் டிரைவர் பதறிப்போய் ஓடிவந்தார். "ஏனுங்க, பிரேக்குப் புடிக்கலீங்களாட்ட இருக்குது?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

ஒரே ஒரு சொல். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்து விழுந்தது. ஆனால் அதற்கு அடுத்து நான் செய்தது தானாக நடந்ததில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டேன்.

அதற்குள் சைக்கிள் கடைக்காரன் வந்துவிட்டான். நண்பனின் தலையை மடியில் எடுத்து வைத்தான், துண்டால் கட்டினான். யாரோ எஸ்டேட் ஜீப்பைக் கூட்டிவர ஓடினார்கள். அப்புறம்தான் அவன் கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தினான். முன் சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் டக்கென்று நின்றது.

"பிரேக்கு நல்லாத்தான இருக்குது" என்றான், என்னைப் பார்த்து.

"இப்பப் புடிச்சு என்னத்துக்கு ஆகுதுங்க?" என்றார் டிராக்டர்காரர். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜீப் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

சேலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல்காரனின் அம்மாவோடு மூன்று நாள் கிடந்தோம். இரண்டாம் நாள் சைக்கிள் கடைக்காரன் என்னிடம், "நீங்க போயி அந்தம்மாவுக்குக் காப்பி வாங்கிட்டு வாங்க, நான் இங்க இருக்கேன்" என்றான். நான் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு போனேன். தையல்காரன் கண் விழித்தபோது நாகலூரில் டீ குடித்தது வரைதான் ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் துடைத்துவிட்டதுபோல் போய்விட்டது என்றான். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. சேச்சே, என்ன மனுஷன் நான். நண்பன் கால் போய்க் கிடக்கிறான், எனக்கு நிம்மதி.

முழங்கால் மடங்காமலே போனது. கால் மெஷினை மிதிக்க முடியாமல், கையால் சுற்றும் பழைய மெஷின் ஒன்றை வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டான். கிழிசல் தைப்பதும் பாவாடைக்கு ஓரம் அடிப்பதும்தான் இனி வேலை. நான் சொன்ன "ஆமாங்க"வும் நாகலூர் டீக்கடைப் பேச்சும் சேர்ந்து, புதுப் பிரேக் பிடிக்கவில்லை என்றே ஊர் பேசியது. அவனுடைய அம்மாவால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒருநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, சைக்கிள் கடை வாசலில் நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரிக் கடைக்குள் தூற்றினாள்.

"எம்புள்ள காலை முடிச்சுப்போட்டியேடா! நீ நல்லா இருப்பியா? உன்ற கை வெளங்குமா?"

நான் எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். பத்தடி தூரம். ரோட்டைத் தாண்டிப் போய், "அம்மா, அவனில்லை, நான்தான்" என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அந்த வாரம்தான் எனக்கு இண்டர்வியூ கார்டு வந்திருந்தது. விசில் தெரியாதவனுக்கு எவன் கண்டக்டர் வேலை கொடுப்பான் என்று பயம். இப்போது யோசித்தால், எந்த அதிகாரியும் இதைக் கேட்டிருக்கப் போவதில்லை. பயப்படுகிறவனுக்கு அதெல்லாம் தெரியுமா? டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்துவிட்டு வேறு வழியாக வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்காரன் தலைமுடியில் இருந்த மண்ணைக்கூடத் தட்டாமல் நின்றதை மட்டும் திரும்பிப் பார்த்தேன்.

தாய் மண் வாரித் தூற்றிய கடைக்கு யார் சைக்கிள் கொண்டுபோவார்கள்? ஆறு மாதம்கூடக் கடை தாக்குப்பிடிக்கவில்லை. அவன் மனைவியின் ஊரான கிளியூருக்குப் போய் எஸ்டேட் கூலியாக மண்வெட்டி பிடித்தான். எனக்கு வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, மூத்த கண்டக்டர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒத்த விசிலு டிரைவருக்குக் கேக்கலைன்னா மறுக்கா ஊதிப்போடாதீங்க தம்பி. ரெண்டுன்னு நெனச்சு எடுத்துருவாரு. வண்டித் தகரத்தைத் தட்டுங்க." எனக்குக் குப்பென்று வியர்த்தது. "காய்ச்சலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து கடைசி நாள்வரை ஒற்றை விசிலை நான் திருப்பி ஊதியதே கிடையாது. உள்ளங்கை சிவக்கும்வரை தகரத்தைத்தான் தட்டுவேன்.

காக்கிச் சட்டை போட்டதும் மலையில் எல்லோரும் மரியாதை கொடுத்தார்கள். "வாங்க", "சொல்லுங்க" என்றார்கள். எப்போதாவது சந்தையில் பார்க்கும்போது சைக்கிள் கடைக்காரனும் அப்படித்தான் பேசினான். சட்டைக்குக் கொடுக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. தொண்ணூறுகளில் ஒரு மார்கழிக் காலை, நாகலூரில் சைக்கிள் கடைக்காரன் என் பஸ்ஸில் ஏறினான். தலையில் துண்டு, கையில் காப்பிச் செடியில் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி சுற்றிய சாக்கு. "ஏற்காடு ஒண்ணுங்க" என்றான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி வழியில் இறங்க வேண்டும் என்றாள். ஒரு விசில் ஊதினேன். பனி, எஞ்சின் இரைச்சல், டிரைவருக்குக் கேட்கவில்லை. தகரத்தை ஓங்கித் தட்டினேன். வண்டி நின்றது, அவள் இறங்கினாள். நிமிர்ந்தால் அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்து கடைசியாக இறங்கினான். படியில் நின்று சொன்னான்: "அன்னிக்கும் தட்டியிருக்கலாமுங்க. டிரெய்லர் தகரம் பக்கத்துலதான இருந்துச்சு."

பையைக்கூட இருக்கையில் போட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினேன். "உனக்குத் தெரியுமாடா?"

"ரெண்டு விசிலு எனக்கும் கேட்டுச்சுங்க. நானும் பிரேக்கை உட்டுட்டுத்தான் வந்தேன். தூரமா வந்ததுனால தப்பிச்சேன்."

"அப்பவே ஏன்டா சொல்லலை?"

"நான் மாட்டுன கட்டை நல்லா இருக்குதுன்னு நானே சொன்னா எவன் நம்புவான்? ஊதுன ஆளு சொல்லோணுமில்லீங்க. இன்னிக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"ஏன்டா என்கிட்ட வாங்க போங்கன்னு பேசற? நான் என்ன உனக்கு ஆபீசரா? டேய்னு கூப்பிடுடா" என்றேன்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுலயே ஆரம்பிச்சுட்டேனுங்க. நீங்கதான் கவனிக்கலை" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நீங்க போயி காப்பி வாங்கிட்டு வாங்க. காக்கிச் சட்டைக்கு எத்தனையோ மாதம் முன்னால். அதை மரியாதை என்று இத்தனை வருஷம் நான் அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நான் இப்ப என்ன பண்ணட்டும்?" என்றேன்.

"எனக்கொண்ணும் வேண்டாமுங்க. அந்தம்மா இன்னும் இருக்குது. அந்த ஊட்டு வழியா நான் போனா இப்பவும் கதவைச் சாத்துது. அது கண்ணை மூடறதுக்குள்ள சொல்லிப்போடுங்க." சாக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு நடந்தான்.

அடுத்த லீவு நாள் போனேன். அந்த வீடு எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பொங்கலுக்கும் பழமும் பிஸ்கட்டும் வாங்கிப் போய்க்கொண்டுதான் இருந்தேன். உள் அறையில் தையல்காரன் கை மெஷினைச் சுற்றும் கடகடச் சத்தம் கேட்டது. கிழவி கதவோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா சாமி, உக்காரு. நீ ஒருத்தன்தான் எங்களை நொம்ப நெனப்பா வெச்சிருக்கற. அந்தப் பாவிப்பய எட்டிக்கூடப் பாக்கலை" என்றாள்.

நான் உட்காரவில்லை. "அம்மா, பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. விசிலைத் தப்பா ஊதினது நான்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன் போலிருக்கிறது.

அவள் முறத்தை இறக்கி வைத்துவிட்டுக் காதோரம் கையைக் குவித்தாள். "காது சரியாக் கேக்கறதில்ல சாமி. இன்னொருக்கா சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன், தெருவுக்கே கேட்கும்படி. உள்ளே மெஷின் சத்தம் நின்றது.