டீச்சரோட ரூம்ல என் கூட்டாளி

டீச்சரைப் பார்த்த நிமிஷத்துலேயே எனக்குப் பிடிக்கல. அந்தம்மா ஒரு தப்பும் பண்ணல. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல நாங்க எப்பவும் போற தோசைக் கடைக்கு வந்து உக்காந்தாங்க, அவ்வளவுதான். ஆனா உக்காந்தது என் கூட்டாளிக்குப் பக்கத்து நாற்காலியில. அது என் நாற்காலி. நான் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா இவ முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கிட்டு, "ஏய், டீச்சரும் நம்மகூட யூரோப்புக்கு வராங்களாம் லா"ங்கறா. நான் எதிர்ப் பக்கம் போய் உக்காந்தேன்.

என் கூட்டாளி கடலுக்கு அக்கரையில, பாகான் டாலாம்ல இருக்கா. நான் இக்கரையில, ஜார்ஜ்டவுன்ல. மாக் மண்டின்ல ஒரு பேக்டரியில ரெண்டு பேரும் ஒரே லைன்ல, பக்கத்துப் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து வேலை செஞ்சோம். நான் தினமும் ஃபெர்ரி ஏறிப் போவேன். அவ மலாய்ல வெளுத்து வாங்குவா, பாசார்ல மீன்காரன் அவகிட்ட வாயே திறக்க மாட்டான். ஆனா இங்கிலீஷ்னா ஊமை. சூப்பர்வைசர்கிட்ட லீவு கேக்கறதுல இருந்து, அவ வீட்டுக்காரரு கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஸ்பெஷலிஸ்ட்கிட்ட பேசினது வரைக்கும் எல்லாம் நான்தான். டாக்டர் என் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னாரு, நான்தான் அவ பக்கம் திரும்பித் தமிழ்ல சொன்னேன். அந்த மாதிரி ஒருத்திக்கு வாயா இருந்துட்டா, அவ மேல நமக்கு ஒரு பாத்தியதை வந்துடும். வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆஸ்திரியா, செக் நாடு, பழைய ஊருங்க, ஏரி, மலைன்னு அந்த டூரைக் கோயில்ல வெள்ளிக்கிழமை பூக்கட்டுற பொம்பளைங்க எல்லாம் சேந்துதான் போட்டோம். இலை எல்லாம் நிறம் மாறுற நேரம், ரொம்ப அழகா இருக்கும்னு ஒருத்தி சொன்னா. எல்லாரும் தலையாட்டிட்டு பேர் குடுத்துட்டோம். அது புரட்டாசி மாசம்னு யாருக்கும் உறைக்கல! புரட்டாசி பூரா நாங்க யாரும் கவுச்சி தொட மாட்டோம். கறியும் சாசேஜுமா இருக்கிற ஊருக்கு விரதத்தோட போற புத்திசாலிங்க எங்களைத் தவிர வேற யாரு இருப்பா? அதனால ஆளாளுக்குப் பருப்புப் பொடி, ஊறுகாய், மேகின்னு பெட்டிய ரொப்பினாங்க. நான் ஒரு சின்ன ரைஸ் குக்கரும், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் எடுத்து வச்சேன். என் புளிக்காய்ச்சல்னா என் கூட்டாளி உயிரை விட்டுடுவா. என் வீட்டுக்காரரு குளிரு ஆகாதுன்னு வரல. அது எனக்கு நல்லதாப் போச்சு. நானும் அவளும் ஒரே ரூம், ராத்திரி சோத்தைக் கிண்டிப் போட்டுக்கிட்டு ஊர்க்கதை பேசலாம்னு மனசுக்குள்ள எல்லாம் முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

வியன்னாவுல முதல் ஓட்டல். டூர் லீடர் ஒரு சீனப் பொண்ணு, எங்க ஊரு ஆயர் ஈத்தாம்காரி. பேர் சொல்லிச் சொல்லிச் சாவி குடுத்தா. என் கூட்டாளிக்கும் டீச்சருக்கும் ஒரே சாவி. எனக்கு, பூக்கட்டுற கூட்டத்துலேயே பெரிய குறட்டைக்காரியோட ரூம்.

"தப்பா இருக்கு, கேர்ள்"னேன்.

"இல்ல அக்கா. உங்க கூட்டாளி ஆன்ட்டியே கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டா.

நான் திரும்பி என் கூட்டாளியப் பாத்தேன். அவ பெட்டிச் சக்கரத்தையே உத்துப் பாத்துக்கிட்டு நின்னா. "டீச்சருக்கு முட்டி வலி லா, ராத்திரி யாராச்சும் கூட இருக்கணும்"னு முணுமுணுத்தா. முட்டி வலியாம்! அந்தம்மா அன்னைக்குக் காலையில ஏர்போர்ட் படிக்கட்டுல என்னை முந்திக்கிட்டுப் போனதை நான் பாத்தேன். வயிறு எரிஞ்சுச்சு. நான் என் பெட்டிய இழுத்துக்கிட்டு லிஃப்டுக்குப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் ஐரோப்பாவை நான் எங்க பாத்தேன்? என் கண்ணு எல்லாம் அவங்க ரெண்டு பேரு முதுகு மேலதான். பஸ்ஸுல ஒண்ணா உக்காந்தாங்க. கல்லு பதிச்ச சந்துல கையக் கோத்துக்கிட்டு நடந்தாங்க. டீச்சர் ரிட்டையர் ஆன இங்கிலீஷ் டீச்சர், சிலோன் தமிழ் குடும்பம், நாலு பேர் மதிக்கிற வீடு. தன்மையானவங்கதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவளா இருந்திருந்தா நிம்மதியாத் திட்டியிருப்பேன். ஏரிக்கரையில நின்னு அவங்க, "என்ன வடிவா இருக்கு, பாருங்கோ"ன்னாங்க. உடனே என் கூட்டாளி, "ஆமா டீச்சர், ரொம்ப வடிவா இருக்கு"ங்கறா. வடிவாம் வடிவு! பாகான் டாலாம்ல பொறந்து வளந்தவ, நேத்து வரைக்கும் 'சூப்பரா இருக்கு லா'ன்னு சொன்னவ.

அதோட விட்டாளா? என்னைக் கூப்பிட்டு, "எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுடி, ஏரி தெரியற மாதிரி"ன்னு போனை என் கையில திணிச்சா. எடுத்துக் குடுத்தேன். ஏரி நல்லாத் தெரிஞ்சுது. என் கூட்டாளி நல்லாத் தெரிஞ்சா. டீச்சருக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணும் தெரியல. "அய்யோ, கை ஆடிடுச்சு"ன்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ராத்திரியில சாப்பாடு முடிஞ்சதும் ரெண்டு பேரும் ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திக்குவாங்க. ஒரு நாள் அந்த வழியாப் போறப்ப நின்னு காதைக் குடுத்தேன். முணுமுணுன்னு பேச்சு, அப்பறம் ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம். என் ரூம்ல குறட்டை. என்னைப் பத்தித்தான் சிரிக்கிறாங்கன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன், தூக்கம் போச்சு.

பஸ்ஸுல ஒருநாள் என் கூட்டாளி, "ரொட்டியா தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு. புளிச்சோறு கிடைச்சாத் தேவல"ன்னா. டீச்சர்கிட்டத்தான் சொன்னா, ஆனா எனக்கும் கேட்டுச்சு. இருடி, அந்தம்மா உனக்குப் புளிச்சோறு பொங்கிப் போடுவாங்களான்னு பாக்கலாம்னு நெனச்சேன்.

அடுத்த நாள் விடியறப்ப, ஆத்தோரம் இருந்த ஒரு சின்ன ஊர்ல, மரத்தால கட்டின பழைய ஓட்டல்ல, குக்கரை எடுத்தேன். ரூம்ல கைக்கு எட்டற சாக்கெட் அலமாரிக்கு மேல ஒண்ணுதான் இருந்துச்சு. அலமாரி மேலேயே குக்கரை வச்சேன். அதுக்கு நேர் மேல, கூரையில வெள்ளையா வட்டமா ஒண்ணு இருந்துச்சு. விளக்குன்னு நெனச்சேன். அரிசி கொதிச்சு, மூடி தடதடன்னு ஆடி, ஆவி பொத்துக்கிட்டு மேல போச்சு. நான் புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்து வச்சுக்கிட்டு, அவ மூஞ்சி எப்படி மலரும்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டு நின்னேன். அப்பத்தான் அந்த வெள்ளை வட்டம் ஊரே கேக்கற மாதிரி அலற ஆரம்பிச்சுது.

கடவுளே! ஓட்டல் மொத்தமும் தெருவுக்கு வந்துடுச்சு. வெள்ளைக்காரங்க கம்பளியச் சுத்திக்கிட்டு, எங்க ஆளுங்க கஃப்தான், நைட்டி, தலையில துண்டோட. குறட்டைக்காரி செருப்பு இல்லாம. டீச்சர் மட்டும் அந்த நேரத்துலயும் ஒழுங்கா ஸ்வெட்டர் பட்டன் எல்லாம் போட்டுக்கிட்டு நின்னாங்க, அவங்க சால்வையில பாதிக்குள்ள என் கூட்டாளி. அதைப் பாத்ததும் எனக்கு நெருப்பே பத்திக்கிட்டாலும் பரவாயில்லன்னு இருந்துச்சு.

ஓட்டல்காரரு கத்திக்கிட்டே வந்தாரு. எந்த ரூம், யாருன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. நான் தொண்டையச் செருமிக்கிட்டு ஒரு அடி முன்னால வச்சேன். இத்தனை வருஷமா அதுதானே நம்ம வேலை. அதுக்குள்ள சால்வையை விட்டு வெளிய வந்து என் கூட்டாளி அவருக்கு முன்னால போயி நின்னா.

"சார், வெரி சாரி. நோ ஃபயர், சார். ஒன்லி ரைஸ்"ன்னா. குரல் நடுங்குச்சு, ஆனா நிக்கல. "ஷி இஸ் மை ஃபிரெண்ட். ஷி குக் ஃபார் மீ. பிளீஸ் டோன்ட் ஆங்ரி."

அந்த மனுஷன் அவளைப் பாத்தாரு, என் கையில இருந்த புளிக்காய்ச்சல் பாட்டிலைப் பாத்தாரு, கோவத்தை விட்டுட்டு உள்ள போயிட்டாரு. டீச்சர் கண்ணுல அப்படி ஒரு பூரிப்பு, அவங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை மேடையேறிப் பேசிட்டு இறங்கினதைப் பாத்த மாதிரி. எங்க பொம்பளைங்க கை தட்டினாங்க.

நான் தட்டல. டாக்டர்கிட்ட, பேங்க்ல, அவ மவனோட காலேஜ்ல, எங்கேயும் ஒரு வார்த்தை பேசாதவ. என் கையக் கிள்ளி 'சொல்லுடி, சொல்லுடி'ன்னு நிக்கறவ. என் வாய் இனிமே அவளுக்கு வேண்டாம்! அவ எனக்காகத்தான் பேசினான்னு அந்த நேரம் என் மண்டையில ஏறவே இல்ல. என்கிட்ட வந்து, "புளிச்சோறு இருக்கா?"ன்னு மெதுவாக் கேட்டா. "உங்க டீச்சரைக் கேளு"ன்னு சொல்லிட்டு மேல போயிட்டேன். சோத்தைக் குறட்டைக்காரிதான் முழுசும் சாப்பிட்டா.

ஊருக்குத் திரும்பி நான் அவ போனை எடுக்கல. வாட்ஸ்அப்புல காலை வணக்கம் போட்டா, பாத்துட்டு விட்டுட்டேன். தீபாவளிக்கு முறுக்கு சுடறதுக்கு வழக்கமா அவதான் வந்து மாவு பிசைவா. நான் கடையில வாங்கிக்கலாம்னு இருந்தேன். ஒரு சாயங்காலம் அவளே ஃபெர்ரி ஏறி வந்துட்டா. வீட்டு வாசல்ல செருப்பைக் கூடக் கழட்டாம, "வா, எஸ்பிளனேடுக்குப் போவோம்"ன்னா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே கூடப் போனேன்.

கடலோரக் கட்டைச் சுவர்ல உக்காந்தோம். எதிர்ல பட்டர்வொர்த் துறைமுகத்துக் கிரேனுங்க, அவ ஊருப் பக்கம். அப்பறம் அவதான் சொன்னா, "மருமக உண்டாயிருக்கா. மெல்பர்ன்ல பாத்துக்க ஆள் இல்ல. மவன் வந்துடும்மான்னு கேக்கறான். தை பொறந்ததும் கிளம்பறேன்."

"எப்ப திரும்புவ?"

"வீட்டை வித்துடச் சொல்லிட்டான்டி."

காத்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல ஒருத்தன் வறுத்த கடலை வித்துக்கிட்டுப் போனான்.

"அதுக்குத்தான் டீச்சர்கிட்ட இங்கிலீஷ் கத்துக்கிட்டேன்"ன்னா. "தினமும் ராத்திரி. நான் பேசற லட்சணத்துக்கு டீச்சரே சிரிச்சுடுவாங்க. அங்க பிள்ளையக் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனா யாரு பேசுவா? நீயா வரப் போற?"

"ஏன்டி, நான் சொல்லித் தந்திருக்க மாட்டேனா?"

"நீ சொல்லித் தர மாட்ட. நீயே பேசிடுவ."

அவ சேலைத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டே, "முன்னாடியே சொல்லியிருந்தா டூர் பூரா அழுதுக்கிட்டு வந்திருப்ப. கடைசியா ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு ஊரைப் பாக்கறோம், நீ சந்தோஷமாப் பாத்துட்டு வரட்டும்னுதான்டி சொல்லல"ன்னா.

சந்தோஷமா! அந்த ஏரியோட நிறம் என்னன்னு இப்பக் கேட்டா எனக்குத் தெரியாது. அவங்க ரெண்டு பேரு முதுகுதான் ஞாபகம் இருக்கு. இப்ப வயித்துக்குள்ள இருந்த நெருப்பு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுச்சு. பாவம் டீச்சர், அவங்களைப் போயி கரிச்சுக் கொட்டினேனே. இவளை எடுத்துக்கிட்டுப் போறது இன்னும் பொறக்கவே பொறக்காத ஒண்ணு. கையும் காலும் வளந்திருக்குமோ என்னவோ, அது மேல எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்துச்சு. என் வாயால சொல்லக் கூடாது, ஆனா வந்துச்சு.

"ஏதாச்சும் பேசுடி"ன்னு என் கையக் கிள்ளினா.

"அந்த டீச்சரே உன்னை எடுத்துக்கிட்டிருக்கலாம்டி"ன்னேன். "அவங்க இக்கரையில, பூலாவ் தீக்குஸ்லதானே இருக்காங்க. ஒரு பஸ்ஸைப் புடிச்சு வந்து சண்டை போட்டிருப்பேன்."