ஒன்றுமில்லாததில் பிறந்தவன்

சுவிஸ் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரை முடிந்த பிறகுதான் என் துடைப்பத்துக்கு வேலை. அதுவரை கடைசி வாங்கில் உட்கார்ந்து நானும் கேட்பேன். அந்தப் பருவத்தில் மறுமலர்ச்சிக் காலத் தத்துவம். ஒன்றுமில்லாததிலிருந்து எதுவும் வராது என்பது பழைய கிரேக்கர் கட்சி. கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்தே உலகைப் படைத்தார் என்பது திருச்சபையின் கட்சி. இரண்டையும் படித்தவர்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள் என்றார் பேராசிரியை.

அகப்படுவது என்னவென்று எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு வயது இருபது. சின்னப் பொடியனென்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று கூட வந்தவர்கள் சொல்ல, அகதி முகாம் மேசையில் பதினேழு என்று பதிந்தேன். இப்போது மூட்டுக்கு அறுபத்து மூன்று, அடையாள அட்டைக்கு அறுபது. அறுபத்தைந்தில் வரும் ஓய்வூதியம் அட்டையைத்தான் பார்க்கும். ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் எடுப்பித்து வைத்திருந்தேன். அதைக் காட்டினால் மூன்று வருடம் முன்னதாக வாளியை இறக்கி வைக்கலாம். ஆனால் அன்று சொன்னது பொய்யென்றானால், அதை நம்பித் தந்த வதிவிட அனுமதி என்னாகும்?

என்னோடு வேலை செய்யும் அண்ணையிடம் கேட்டேன். எதற்கும் அவரிடம் ஒரு சொல் இருக்கும்; அந்தச் சொற்களுக்காகவே அவரோடு தேநீர் குடிப்பவன் நான்.

“உன்னைப் பெத்தது கொம்மா இல்லையடா, அகதி முகாம் மேசை. பெத்த மேசைக்குத் துரோகம் செய்யப்போறியோ?”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. முழங்கால் தேய்ஞ்சு போட்டுது.”

“அப்ப போய்ச் சொல்லு. சொல்லிப்போட்டு நித்திரை கொள்ளுவியோ?”



அடுத்த விரிவுரை முடிய, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பேராசிரியையிடம் கேட்டேன்: “கடவுள் என்ற குயவன் இருக்கிறார், சரி. மண் எங்கே? மண்ணில்லாமல் பானையில்லை என்றுதான் எங்கள் சைவ வகுப்பில் படிப்பித்தார்கள்.”

பையை மூடப் போனவர் நின்றார். “அந்தக் காலத்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். சிலர், ‘அறிவு ஒன்று சொல்கிறது, விசுவாசம் வேறு சொல்கிறது, நான் விசுவாசத்துக்குப் பணிகிறேன்’ என்று எழுதி வைத்தார்கள்.”

“உண்மையாகவே பணிந்தார்களா?”

“அது அவர்களுக்குத்தான் தெரியும்.”

மறுநாள் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் முகம் சுளிக்காத பிள்ளை. பிறந்த திகதியைக் கேட்டாள். என் வாய் அட்டையில் உள்ளதைச் சொன்னது. நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். நான் யோசிக்க முதலே அவள் அதைக் கணினியில் தட்டிவிட்டாள்.

“உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறதே. எதற்காக வந்தீர்கள்?”

கை சட்டைப்பைவரை போனது. “சும்மா, சரிபார்க்க” என்றேன்.

திரையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.